எதிர் வீட்டில் இருக்கும் உன் கிண்ணி

செந்தில், இதை ஒரே மூச்சில் படித்துவிட உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரமாவது ஆகும். அந்த அளவுக்காவது உனக்கு வருகிறது என்றால் அது உன் அம்மாவால்தான். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களை எல்லாம் சேர்த்துவைத்து, ராகுகாலம், எமகண்டம் என்று உன்னை வாசிக்கவைப்பாள். நான் அலிப்பூர் ஆபீசிலிருந்து வந்து டீயை உறிஞ்சிக்கொண்டே, "வங்காளத்துப் பள்ளிக்கூடத்துல படிக்கிற பயலுக்கு எமகண்டம் எதுக்கு?" என்று கிண்டல் செய்வேன். இன்று அது எனக்குத்தான் உதவுகிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் நான் சொல்ல வந்ததைச் சொல்லமாட்டேன், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். ஆகவே மெதுவாகவே படி. நந்தினி பக்கத்தில் இருந்தால் அவளுக்கும் வாசித்துக் காட்டு, வீட்டுக்கு வந்த மருமகளுக்கும் தெரிய வேண்டிய விஷயம் இது.

பத்து நாளைக்கு முன்னால் நீ போன் செய்தபோது ஒன்று கேட்டேன். நந்தினிக்கு ஏழாம் மாதம் முடியப்போகிறது, பெண்ணாகப் பிறந்தால் அம்மாவின் பெயரை வைப்பீர்களா என்று. நம் பக்கத்தில் முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயரை வைப்பது வழக்கம். நீ, "வேண்டாம்ப்பா. அம்மாவை எனக்குப் பிடிக்கும். ஆனா அந்தப் பேரைக் கூப்பிடும்போதெல்லாம் அம்மா வாசல்ல நின்னு எதிர் வீட்டு மாஷிமாகிட்ட பேசினதுதான் ஞாபகம் வரும். என் பொண்ணுக்கு அது வேண்டாம்" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ரயில் டிக்கெட் விவரம் சொல்வது போல நிதானமாகச் சொன்னாய், அதுதான் எனக்கு உறைத்தது. "சரிப்பா, உங்க இஷ்டம்" என்று நானும் வைத்துவிட்டேன். பெயர் உங்கள் இஷ்டம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் நீ சொன்ன காரணம் தப்பு. அது தப்பு என்று தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் போனுக்குப் பிறகுதான், இந்தச் சித்திரை விசுவுக்கு நானே முழுச் சமையலும் செய்வது என்று முடிவெடுத்தேன். அம்மா போன பிறகு வந்த இரண்டு விசுவுக்கும் லேக் மார்க்கெட் மெஸ்ஸிலிருந்து பார்சல்தான். நூல் கட்டிய சாம்பார்ப் பையைக் கத்தரித்து ஊற்றிக்கொண்டு, டிவி பார்த்தபடி சாப்பிட்டு முடித்தேன். இந்த முறை எனக்கே ஒரு பிடிவாதம் வந்தது. வேப்பம்பூவுக்கும் வாழையிலைக்கும் லேக் மார்க்கெட் போனேன். மாங்காய்க்கும் தேங்காய்க்கும் கரியாஹாட் போனேன். சைத்ர மாதக் கடைசியில் கரியாஹாட்டுக்குப் போகிறவனுக்குப் புத்தி கிடையாது என்று உன் அம்மா சொல்வாள். நடைபாதை முழுக்கத் தள்ளுபடித் துணி, அதைச் சுற்றி ஊரே நின்றது. முருங்கைக்காய்க் கட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தேகி, தேகி" என்று வழி கேட்டுக் கெஞ்சிக்கொண்டே வெளியே வந்தேன். ஒருத்தி என் முருங்கைக்காயைக் காட்டி என்ன தள்ளுபடி என்று கேட்டாள்.

நம் வீட்டுச் சமையலறை உனக்கு மறந்திருக்காது. நடுவில் நின்று இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் கையில் படும். முப்பத்தேழு வருஷம் அதற்குள் நின்று அவள் விருந்து சமைத்திருக்கிறாள். நான் ஒரு நாள்கூட உள்ளே போய் நின்றதில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் வாசலில் நின்றுதான் கேட்பேன். அவளுக்கு ஒரு முறை இருந்தது. ஊறவைப்பதும் நறுக்குவதும் முதல் நாளே சாப்பாட்டு மேஜையில் நடந்துவிடும். பாயசம்தான் முதலில் அடுப்பிலேறும். ஆன பண்டம் ஒன்றும் சமையலறைக்குள் நிற்காது. சாம்பார் ஃப்ரிட்ஜ் தலைக்குப் போகும், அவியல் மடக்கு நாற்காலிக்கு, சோறு நம் படுக்கையறை டிரங்குப் பெட்டிக்கு. நீ சின்னவனாக இருந்தபோது கட்டிலின் மேல் அப்பளத் தட்டை வைத்து, உன்னைக் காவலுக்கு உட்காரவைத்தாள். காவல்காரனே பாதியைத் தின்றுவிட்டான். இதையெல்லாம் நான் அப்போது வேடிக்கை என்று பார்த்தேன். அதில் எத்தனை கணக்கு இருந்தது என்பது இந்த விசுவன்று காலையில் ஐந்து பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றபோதுதான் விளங்கிற்று.

என் சமையல் எப்படி நடந்தது என்று கேள். உளுந்தை மிக்ஸியில் அரைக்கும்போது தண்ணீரை அள்ளி ஊற்றிவிட்டேன். வடைக்கு ஓட்டை போடப் போனால் மாவு கையிலிருந்து ஓடுகிறது. சரி, நீ வடை இல்லை, போண்டா என்று அதற்கே சமாதானம் சொல்லிக் கிள்ளிப் போட்டேன். மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூவை நெய்யில் வறுக்கும்போது போன் அடித்தது, நீதான். "ஹேப்பி நியூ இயர்ப்பா, என்ன சமையல்?" என்றாய். "எல்லாம்தான்" என்றேன். "தனியாவா?" என்றாய். வேப்பம்பூ கருகிவிட்டது என்று சொல்லி வைத்தேன். அது பொய்யில்லை, உண்மையாகவே கருகிவிட்டது. அளவுதான் இன்னொரு கூத்து. அவள் அளந்து நான் பார்த்ததெல்லாம் மூன்று பேருக்கு. ஒருவனுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியவே இல்லை. அதனால் மூன்று பேருக்குப் பொங்கினேன். கதவு எல்லாம் திறந்து கிடந்தது, வீடு முழுக்கத் தேங்காயெண்ணெய் வாசனை, யாரும் வந்து என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. இந்த வீடு இவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இனி, சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். நமக்கு விசு பதினான்காம் தேதி. இங்கே வங்காளிகளுக்குப் புத்தாண்டு பதினைந்து. நம் விருந்து முடிந்த மறுநாள் அவர்கள் விருந்து. நீ அப்போது இரண்டாம் வகுப்பு. எதிர் பிளாட்டுக்கு மாஷிமா குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை; அவர் மகளோடு விளையாட நீ எப்போதும் அங்கேயே கிடப்பாய். அந்த விசுவன்று அம்மா அவர்களுக்குப் பாயசம் கொடுத்தனுப்ப நினைத்தாள். இந்தச் சமையலறையில் விருந்தென்றால் ஒரு பாத்திரம்கூட மீதி இருக்காதே, எல்லாவற்றிலும் ஏதாவது ஒன்று உட்கார்ந்திருந்தது. காலியாக இருந்தது உன் கிண்ணி ஒன்றுதான். முதல் பிறந்தநாளுக்கு உன் மாமா வாங்கி, "செந்தில்" என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக்கொடுத்த எவர்சில்வர் கிண்ணி. அதிலே ஊற்றி உன் கையிலேயே கொடுத்தனுப்பினாள். மறுநாள் மதியம் நீ அந்தக் கிண்ணியோடு திரும்பி வந்தாய். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது அவர்களுக்கும் வழக்கமில்லை. உள்ளே ஒரு துண்டு மீன் குழம்பு இருந்தது.

நாம் சைவம் என்பது மாஷிமாவுக்குத் தெரியும். ஆனால் நீ அங்கே ஒரு துண்டைத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டிருக்கிறாய். புத்தாண்டும் அதுவுமாகப் பிள்ளை ஆசையாய்க் கேட்டதை இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுவேன் என்று நீ அடம்பிடித்ததால், தட்டுப் போட்டு மூடி, அவரே உன்னைக் கூட்டிக்கொண்டு நம் வாசலுக்கு வந்தார். புதுப் புடவை கட்டியிருந்தார். கதவைத் திறந்தது அம்மா. இதுவரைக்கும் உனக்கு நினைவிருக்கும். "அந்தக் கிண்ணியை நீங்களே வெச்சுக்குங்க. இனிமே எங்க பையனுக்கு ஒண்ணும் குடுக்காதீங்க" என்று அம்மா பாதி வங்காளமும் பாதி இந்தியுமாகச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். அதன் பிறகு உன்னைப் பால்கனியில் நிறுத்தி, நீ அலற அலற, கீழே பிள்ளைகள் அண்ணாந்து பார்க்க, வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றியதும் நினைவிருக்கும். இருபத்தெட்டு வருஷமாக நீ மறக்காதது அதைத்தான்.

உனக்குத் தெரியாதது என்ன என்றால், அந்த வாசலுக்கு நான்கடி உள்ளே, படுக்கையறைத் திரைக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். மீன் வாசனை வந்ததும் எழுந்து வந்துவிட்டேன். "அந்தக் கிண்ணி உள்ள வரப்படாது. சொல்லு" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "பச்சப் புள்ள, ஆசையாக் கொண்டாந்திருக்கான். அவுகளும் நல்ல நாளும் அதுவுமா வந்து நிக்காக" என்றாள், மெதுவாக. "சொல்லுன்னா சொல்லு. பயலைக் குளிப்பாட்டிட்டு உள்ள விடு" என்றேன். அவள் சொன்னதெல்லாம் நான் சொன்னது. உன் தலையில் விழுந்த தண்ணீரும் நான் ஊற்றச் சொன்னது. என் குரலை மட்டும் நான் வெளியே விடவில்லை. இதில் கேவலம் என்ன தெரியுமா? அலிப்பூர் கேன்டீனில் மீன் வறுத்த அதே எண்ணெயில் பொரித்த கச்சோரியைப் பத்து வருஷமாக நான் தின்றுகொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரன் டப்பாவில் ஹில்சா மீன் மணக்கும், நான் வாயைத் திறக்கமாட்டேன். வெளியே ஒருவரிடமும் காட்ட முடியாத வீறாப்பை எல்லாம் வீட்டுக்குள் வைத்துக் காட்டினேன். அதையும் நானே காட்டத் தைரியம் இல்லாமல் அவளை அனுப்பினேன்.

மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். வழக்கத்தைவிட இறுக்கமாக என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாய். ஜாதவ்பூர் முக்கில் வண்டி நின்றபோது என் முதுகில் வாயை வைத்து, "அம்மா மோசம்ப்பா" என்றாய். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது மட்டுமா, உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மகன் என் பக்கம் என்று இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். அதற்குப் பிறகு எத்தனையோ சந்தர்ப்பம். கடைசியாக, அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ கிளம்புகிற அன்று, எதிர்க் கதவைப் பார்த்துக்கொண்டே, "கடைசி வரைக்கும் அம்மா அந்தக் கிண்ணிய உள்ள விடலையேப்பா" என்றாய். அவள் படத்துக்குப் போட்ட மாலை அப்போது வாடக்கூட இல்லை. நான் கையில் டம்ளரை வைத்துக்கொண்டு, "காப்பி ஆறுதுப்பா, குடி" என்றேன்.

இப்போது இந்த விசுவுக்கு வருகிறேன். பாயசத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். சிறுபருப்பு வெந்து, வெல்லம் போட்டு, ஒரு கொதி வர வேண்டிய நேரத்தில் அடுப்பு புசுபுசு என்று இரண்டு முறை சொல்லி அணைந்துவிட்டது. சிலிண்டர் தீர்ந்துவிட்டது. ஒற்றை ஆளுக்கு ஒரு சிலிண்டர் மாதக்கணக்கில் வருகிறது. எப்போது மாற்றினோம் என்பதே மறந்துபோகிறது. இன்னொரு சிலிண்டரும் காலி, பதிவு செய்யவே இல்லை. அவள் ஏன் பாயசத்தை முதலில் ஏற்றினாள் என்று அப்போது புரிந்தது. எது நின்றாலும் இனிப்பு ஆகிவிட்டிருக்கும். அரை வேக்காட்டு உருளியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மெஸ்ஸுக்குப் போன் செய்து ஒரு பாயசம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு உருளியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு, எதிர்க் கதவைக் காலால் தட்டினேன். முப்பது வருஷம் எதிரெதிரே இருந்திருக்கிறோம். வாசலில் நின்று தண்ணீர் வரி, லிஃப்ட் ரிப்பேர் பேசியிருக்கிறேனே தவிர, மாஷிமாவின் சமையலறைக்குள் அன்றுதான் கால் வைத்தேன்.

அவருக்கும் வயது எழுபது ஆகிவிட்டது. மகள் வெளிநாட்டில், வீட்டுக்காரர் மேஷோ போய் நாலு வருஷம். விதவைக்கு ஆகாது என்று மீனை விட்டுவிடச் சொன்ன உறவுக்காரர்களிடம், மீனை விட்டால் மட்டும் அவர் திரும்பி வந்துவிடுவாரா என்று கேட்டவர். அன்று அவர்களுக்கு வருஷத்தின் கடைசி நாள். வேப்பிலையும் கத்திரிக்காயும் வறுத்துக்கொண்டிருந்தார். உருளியைப் பார்த்ததும், "ஓமா! தாதா, நீங்களா சமைச்சீங்க?" என்று அண்ணனிடம் கேட்பது போலக் கேட்டு, வாணலியை இறக்கி இடம் கொடுத்தார். அவர் பேசியது வங்காளத்தில். உனக்கு அவர் குரலிலேயே கேட்கும், எனக்கு நம் பேச்சில்தான் எழுத வரும். அந்த அடுப்பில் கடுகெண்ணெய் வாசனை. நான் கரண்டியால் கிளறிக்கொண்டே நிமிர்ந்தால், எதிரே அலமாரியில் கவிழ்த்துவைத்த கோப்பைகளுக்கு நடுவே உன் கிண்ணி. விளிம்பு லேசாக நசுங்கியிருக்கிறது. பெயர் அப்படியே இருக்கிறது.

"அது இன்னும் இருக்கா?" என்று கேட்டேன். "எங்க போகும்? ஷென்டு காலேஜ் போற வரைக்கும் இதுலதான் சாப்பிட்டான்" என்றார். நீ அங்கே ஒளிந்து ஒளிந்து சாப்பிட்டது எனக்கு ஓரளவு தெரியும். தெரியாதது போல இருந்துவிட்டேன். ஆனால் அவர் அடுத்துச் சொன்னது எனக்குத் தெரியாது. "ஷிபா பால்கனிக்கு வந்து காஞ்ச துணியை எடுத்தாள்னா, உங்க ஸ்கூட்டர் தெருமுனைக்கு வந்தாச்சுன்னு அர்த்தம். நான் உடனே அவன் வாயைக் கழுவி அனுப்பிருவேன்" என்றார். ஷிபா என்றால் அம்மாதான், நீ ஷென்டு ஆனது போல; சிவகாமி என்று அவருக்கு வாயில் வராது. செந்தில், அம்மாவுக்குத் தெரியாமல் தின்றதாக நீ நினைத்துக்கொண்டிருக்கும் மீன் அத்தனையும் அம்மாவுக்குத் தெரிந்துதான் தின்றாய். ஒவ்வொரு விசுவுக்கும் நாம் சாப்பிட்டு முடித்து நான் தூங்கின பிறகு, பாயசத்தைக் கொண்டுபோய் அந்தக் கிண்ணியில் ஊற்றிவைத்துவிட்டு வருவாளாம். உனக்கு அங்கே இரண்டாம் தடவை கிடைத்த பாயசம் மாஷிமா பங்கு என்றுதானே நினைத்தாய்?

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்கு வாசல்ல அவ பேசினது, அவ பேச்சில்ல. நான்தான்..." என்று ஆரம்பித்தேன். மாஷிமா என்னை முடிக்கவிடவில்லை. "தெரியும். ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னாடி உள்ள திரும்பித் திரும்பிப் பாத்தா. சொந்தப் பேச்சைப் பேசுறவ ஏன் திரும்பிப் பாக்கணும்?" என்றார். இத்தனை வருஷமாகத் தெரிந்தும் உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லக்கூடாது என்று அம்மா கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாளாம். வாசலில் அப்படிப் பேசிய மறுநாள் நான் ஆபீஸ் போனதும் வந்து, இப்போது நான் நின்ற அதே இடத்தில் நின்று அழுதுவிட்டு, இதைச் சொன்னாளாம்: "தினமும் அவர் ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்துதான் அவன் ஸ்கூல் போகணும். அப்பா மேல கோவம்னா இடுப்பைப் பிடிச்சுக்குவானா? பிடிக்காம உக்காந்து, வழியில விழுந்துட்டான்னா? கோவம் என் மேலயே இருக்கட்டும். நான் வீட்டுலதான இருக்கேன்."

நான் அந்த அடுப்புக்கு முன்னால் நின்று அழுதேன். காரியத்தன்றுகூட நான் அழவில்லை, நீ பார்த்தாய். பாயசம் அடிபிடிக்கப்போகிறது என்று மாஷிமா அடுப்பைத் தணித்துத் தேங்காய்ப்பாலை அவரே ஊற்றினார். பிறகு அந்தக் கிண்ணியை எடுத்துக் கழுவி, அதில் இரண்டு கரண்டி ஊற்றி என் முன்னால் வைத்தார். தயங்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு சாப்பிட்டேன். வெல்லம் குறைவு, முந்திரி போட மறந்துபோயிற்று. உன் அம்மா பாயசத்துக்கு முன்னால் இதைப் பாயசம் என்று சொல்லவே கூடாது. இருந்தாலும் வழித்துச் சாப்பிட்டேன். கிளம்பும்போது, "கிண்ணியைக் கொடுங்க, வீட்டுக்குக் கொண்டுபோறேன்" என்றேன். அவர் தரவில்லை. "இதை உங்களுக்குத் தர முடியாது தாதா. இது ஷிபா என் கையில விட்டுட்டுப் போனது. ஷென்டு குழந்தையைத் தூக்கிட்டு வரட்டும், அது கையில தர்றேன்" என்றார். எனக்கு அதில் வருத்தமில்லை. நியாயம்தான்.

வீட்டுக்கு வந்து இலை போட்டேன். பரிமாற ஆளில்லாதவனுக்கு இலைச் சாப்பாடு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் எழுந்துபோக வேண்டியிருக்கிறது. சாம்பார் ஃப்ரிட்ஜ் மேல், அவியல் நாற்காலியில், சோறு டிரங்குப் பெட்டியில். எல்லாம் அவள் வைக்கிற இடத்தில்தான் வைத்திருந்தேன். நாலு முறை எழுந்து உட்கார்ந்ததில் சாதம் ஆறிவிட்டது. எதிர் நாற்காலியைப் பார்த்து, "உப்பு சரியா இருக்கா?" என்று வாய்விட்டே கேட்டேன். இரண்டு வருஷத்தில் அவளிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள். யாரிடமாவது கசப்பாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், நீயே வாசலுக்குப் போய் உன் வாயால் சொல்லு. நந்தினியை அனுப்பாதே. உன் வாயால் சொல்ல வெட்கமாக இருந்தால், அது சொல்லக்கூடாத பேச்சு என்று தெரிந்துகொண்டு பேசாமல் இருந்துவிடு. அப்புறம், அவள் சமையலறைக்குள் நின்றால் நீயும் உள்ளே போய் நில். இடம் போதாதுதான். இடித்துக்கொண்டு நில்லுங்கள். வாசலில் நின்று தண்ணீர் கேட்டே நான் என் காலத்தைப் போக்கிவிட்டேன்.

இன்று பதினைந்தாம் தேதி, மாஷிமா வீட்டில் காலையிலிருந்து மீன் வறுபடுகிறது. ஜன்னலை நான் சாத்தவில்லை. குழந்தைக்கு எந்தப் பெயர் வைத்தாலும் எனக்குச் சம்மதம். சிவகாமி வேண்டாம் என்றால் வேண்டாம். பழைய பெயர், உங்களுக்குப் பிடிக்காமலும் இருக்கலாம். ஆனால் வாசலில் நின்று பேசியவள் பெயர் என்று அதைத் தள்ளிவிடாதே, அன்று வாசலில் பேசியது நான். இதைப் படித்து முடித்ததும் உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும், அடக்கிக்கொள்ளாதே. போன் செய்து திட்டினாலும் சரி, பல நாள் போனே செய்யாமல் இருந்தாலும் சரி, நான் தாங்கிக்கொள்வேன். என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போக வேண்டிய வயதை நீ எப்போதோ தாண்டிவிட்டாய்.

அப்பா